கடல் கடந்த பாரதப் பள்ளிகள்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணைவிட்டுப் பெயரும் தமிழ்க் குடும்பம், சென்ற ஊரில் முதற்கண் குடியிருக்க வீடு தேடும்; அடுத்துக் குழந்தைக்குப் பள்ளி தேடும். தில்லியில் குடியேறிய நம் முன்னோர் இவ்விரண்டாம் தேடலின் அருமையை நன்குணர்ந்தவர்கள். 1923இல் அவர்கள் நட்ட விதையே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாகத் தழைத்திருக்கிறது. அதே தேடல் அரபிக் கடலுக்கு அப்பால் என்ன உருக்கொண்டது என்பதை இவ்வாண்டு மலரில் சிறிது நோக்குவோம்.

வளைகுடா நாடுகளோடு நமக்குள்ள உறவு எண்ணெய்யோடு பிறந்ததன்று. பஹ்ரைன் தீவில் 1884ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல் நிலையம் திறக்கப்பட்டது. 1933 முதல் அத்தீவின் பெயரை மேலே அச்சிட்ட இந்திய அஞ்சல் தலைகள் அங்கே வழங்கின. கடைத்தெருவில் செலாவணியும் நம் ரூபாய்தான்; 1965இல்தான் பஹ்ரைன் தனக்கெனத் தினார் நாணயத்தை வகுத்துக்கொண்டது. பம்பாயிலிருந்து நீராவிக் கப்பல்கள் முறையாகச் சென்றுவந்தன. 1932இல் அங்கு எண்ணெய் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் சுத்திகரிப்பு ஆலையும் எழவே, கணக்கரும் எழுத்தரும் தொழில்வினைஞரும் நம் நாட்டிலிருந்து மிகுதியாகச் செல்லலாயினர். தனியே சென்றவர்கள் நாளடைவில் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். பள்ளி வேண்டும் என்னும் குரல் அப்போது எழுந்தது.

1950இல் பஹ்ரைனில் இந்தியப் பள்ளி தோன்றியது. ஈசா நகரிலும் ரிஃபாவிலும் இரு வளாகங்கள் கொண்டு, பல்லாயிரம் மாணாக்கர் பயிலும் பெருநிலையமாக இன்று அது விளங்குகிறது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இப்பள்ளிக்குத் தனி முதலாளி எவருமில்லை. பெற்றோரே வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் சங்கத் தேர்தலையே பாரதப் போராகக் கருதும் அன்பர்கள் அத்தேர்தலைக் கண்டால் என்ன சொல்வார்களோ! 1959இல் குவைத்திலும், 1961இல் துபாயிலும், 1975இல் மஸ்கட்டிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன.

இப்பள்ளிகளிற் பெரும்பாலானவை எந்தப் பாடத்திட்டத்தைக் கைக்கொண்டன? 1962இல் திருத்தியமைக்கப்பட்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டத்தையே. ஊர் விட்டு ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியரின் மக்கள் படிப்பு கெடலாகாது என்பது அவ்வாரியத்தின் நோக்கங்களுள் தலையாயது. அதாவது, நம் காலனிக் குழந்தைகளை எண்ணி வகுத்த ஏற்பாடு கடல் கடந்த குழந்தைகளுக்கும் பயன்பட்டது.

இங்கே மலாயாவை ஒப்புநோக்குதல் பொருந்தும். பினாங்கு நகரில் 1816இல் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது; இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அங்குச் சென்றவர்களுள் பல்லாயிரவர் அம்மண்ணுக்கே உரியவராயினர். வளைகுடாவுக்குச் சென்றவர்க்கோ அந்நாட்டுக் குடியுரிமை கிட்டுவதரிது. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வேலை முடிந்தவுடன் திரும்பியாக வேண்டும். ஆகவே தங்குவோர் கட்டிய பள்ளி ஒருவகை, மீள்வோர் கட்டிய பள்ளி மற்றொரு வகை என்றே நாம் கருதுகிறோம். பின்னதன் உயிர்நிலை, தாய்நாட்டில் செல்லுபடியாகும் சான்றிதழ்.

அதன் மதிப்பு 1990இல் விளங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுட் புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர் பெரும்பாலும் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் திரும்பினர். கல்வியாண்டின் நடுவே, உடுத்த துணியோடு வந்திறங்கிய குடும்பங்கள் பல. இழந்த வீட்டையும் சேமிப்பையும் மீட்க வழியறியாது தவித்த பெற்றோருக்கு, பிள்ளை அங்கே படித்த பாடநூலே இங்கும் உண்டு என்பது சிறிய ஆறுதலன்று.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் தமிழின் நிலை யாது? பயிற்றுமொழி ஆங்கிலம். இரண்டாம் மொழியாக இந்தி பெரிதும் இடம்பெறுகிறது. வாரியத்தின் பாடப்பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆனால் போதிய மாணாக்கரும் ஓர் ஆசிரியரும் வாய்த்தாலன்றி அது வகுப்பறையை எட்டாது. மதிப்பெண்ணைக் கருதித் தமிழ்ப் பெற்றோரே பிறமொழியைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை; நம் காலனியிலும் அவ்வாறு செய்வோர் உளர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்காகத் தமிழகம் வரும் அவ்விளைஞர் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்கிறது. எந்நாட்டுக்குத் திரும்பவென அப்பள்ளி எழுந்ததோ, அந்நாட்டின் தெருவில் அவர் விருந்தினராக நிற்கிறார்.

இக்குறையை நீக்கத் தமிழன்பர்கள் பல ஊர்களில் வாரவிடுமுறை வகுப்புகள் நடத்துகின்றனர். 2001இல் தமிழக அரசு நிறுவிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இவர்க்குக் கைகொடுக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறையாகிய ஊர்களில், வாரமெல்லாம் உழைத்த தந்தையும் தாயும் அன்று ஓய்வை விடுத்துக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, அகரம் எழுதப் பழக்கி வருகின்றனர்.