கொச்சி எண்ணெய் - ஒரு புல்லோட கதை

மூணாறு, தேக்கடி, வயநாடுன்னு எங்கே போனாலும் ரோட்டோர மசாலாக் கடையில், ஏலக்காய்க்குப் பக்கத்துல, சின்னச் சின்ன பாட்டில்ல மஞ்சளா ஒரு எண்ணெய் அடுக்கி வெச்சிருப்பாங்க. புல் தைலம். மூட்டுவலி, தலைவலி, ஜலதோஷம், கொசு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்னு கடைக்காரர் அடிச்சு விடுவார். எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு பாட்டில் உண்டு. ஒண்ணு அம்மாவோட முட்டிக்கு, இன்னொண்ணு தரை துடைக்க. அதாங்க, நம்ம எலுமிச்சைப்புல் எண்ணெய். இந்தச் சின்ன பாட்டிலுக்குள்ள இருக்குற சரித்திரம் தெரிஞ்சா கொஞ்சம் மரியாதையாத் தொடுவீங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். தாய்லாந்து சூப்புல போடுற, தண்டு பருத்த புல் ஒரு வகை. கேரள மலைகள்ல எண்ணெய்க்காக வளர்த்தது அதோட பங்காளி, மலையாளத்துல இஞ்சிப்புல்லு. கொசு விரட்டற சிட்ரோனெல்லாவும் இதே குடும்பம்தான், ஆனா வேற ஆள்.

1880கள்ல திருவிதாங்கூர், கொச்சிப் பக்கத்து மலைகள்ல இந்தப் புல்லைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து ஏற்றுமதி பண்ற வேலை ஆரம்பிச்சது. முறை ரொம்ப எளிமை. கோடை முடியுறப்போ காய்ஞ்ச புல்லுக்குத் தீ வெச்சிடுவாங்க. மழை விழுந்ததும் புதுசாத் துளிர்க்கும். அதை அறுத்து, கொஞ்சம் வாட விட்டு, தண்ணியோட பெரிய கலன்ல அடைச்சு, அடியில நெருப்பு போடணும். மேல வர்ற ஆவி குளிர்ந்த குழாய் வழியா இறங்கும். தண்ணி மேல எண்ணெய் மிதக்கும். நூறு கிலோ புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைச்சா அதிர்ஷ்டம். காய்ச்சின சக்கையைக் காயவெச்சா அடுத்த அடுப்புக்கு விறகு. இந்த எண்ணெயெல்லாம் கொச்சி துறைமுகம் வழியா கப்பலேறினதால உலகச் சந்தையில அதுக்குப் பேரே 'கொச்சி எண்ணெய்'.

சரி, வெள்ளைக்காரன் இதை வாங்கி என்ன பண்ணினான்? முட்டிக்கா தேச்சான்? :-)

சோப்புக்கு வாசனையா போட்டான். ஆனா பெரிய விஷயம் வேற. எண்ணெய்ல முக்கால் பங்கு சிட்ரால்ங்கற பொருள்; அந்த எலுமிச்சை வாசம் அதனாலதான். ஃபெர்டினாண்ட் டீமன்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர். வயலட் பூ வாசனையைச் செயற்கையா உண்டாக்கணும்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். அந்தப் பூவில இருந்து வாசனை எடுக்கறது யானை விலை. 1893ல் அவரும் பால் க்ரூகரும் சிட்ராலை அசிட்டோனோட சேர்த்து, அப்புறம் அமிலத்துல வினைபுரிய வெச்சு அயோனோன்ங்கற பொருளை உண்டாக்கினாங்க. அச்சு அசல் வயலட் வாசம்! அதுக்கப்புறம் ஐரோப்பாச் சீமாட்டிகள் பூசிக்கிட்ட வயலட் சென்ட்டுக்கு மூலப்பொருள் பல நேரம் நம்ம பக்கத்து மலைப்புல்தான். இது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னா, சந்தேகம்தான்.

அடுத்த திருப்பம் இன்னும் பெரிசு. அதுவரைக்கும் வைட்டமின் ஏ வேணும்னா மீன் எண்ணெய்தான் கதி. 1947ல் ஸ்விட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனியில ஓட்டோ இஸ்லர் குழு, பீட்டா அயோனோன்ல இருந்து வைட்டமின் ஏ-யைத் தொழிற்சாலை அளவுல தயாரிக்க வழி கண்டுபிடிச்சது. பீட்டா அயோனோனுக்குச் சிட்ரால் வேணும், சிட்ராலுக்குப் புல் வேணும். கொச்சி எண்ணெய்க்குக் கிராக்கி. 1951ல் பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில புல்லுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சுகந்திங்கற பிரபலமான ரகம் அங்கே உருவானதுதான்.

ஆனா சந்தை ஏறின அதே வழியிலயே இறங்கவும் செஞ்சது. 1950கள்லயே ரோஷ் ஆட்கள் புல்லே வேண்டாம், பெட்ரோலிய வகைப் பொருள்கள்ல இருந்தே எல்லாத்தையும் செஞ்சுக்கலாம்னு வழி பண்ணிட்டாங்க. குவாதமாலா மாதிரி நாடுகளும் புல் போட்டன. சீனாவில இருந்து வேறொரு மரத்தோட காய் எண்ணெய் மலிவாச் சிட்ரால் கொடுத்தது. 2004ல் ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எஃப். திறந்த ஆலையோட திறன் வருஷத்துக்கு 40,000 டன் சிட்ரால். மலைச்சரிவுல அடுப்பு மூட்டின ஆள் இதோட எங்கே போட்டி போடறது? எனக்கு உறுத்தறது இதுதான். தன் விலையை முடிவு பண்ற ஆய்வகம் எந்த ஊர்ல இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. பல சரிவுகள்ல இப்போ ரப்பர் நிக்குது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். பாக்டீரியா, பூஞ்சைகளை இந்த எண்ணெய் ஆய்வகத்துல நல்லாவே கொல்லுது. தரை துடைக்க ஒரு பக்கெட் தண்ணிக்கு நாலஞ்சு சொட்டு, தாராளமா. வலிக்குத் தேய்க்கணும்னா தேங்காய் எண்ணெய்ல கலந்துதான். தனியாத் தேய்ச்சா சிலருக்குத் தோல் எரிஞ்சு தடிச்சுடும். குடிக்கவே கூடாது. கொசு கொஞ்ச நேரம் ஒதுங்கும், ராத்திரி முழுக்க இல்லை. பிரேசில்ல இந்தப் புல் டீயை நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கத்துக்கும் குடிப்பாங்க. 1986ல் அங்கேயே மனுஷங்களுக்குக் கொடுத்துச் சோதிச்சுப் பார்த்ததுல, கெடுதலும் தெரியலை, தூக்கமும் வரலை. டீ ருசியா இருக்கும், அவ்வளவுதான்.

வேலை செய்யற ஒரு உபயோகம் சொல்றேன், கடைக்காரர் சொல்ல மாட்டார். தேனீக்கள் தன் கூட்டத்தைக் கூப்பிட விடுற வாசனையிலும் சிட்ரால் இருக்கு. அதனால தேனீ வளர்க்கறவங்க காலிப் பெட்டிக்குள்ள ஒரு சொட்டு தடவி வெப்பாங்க. ஊர் சுத்தற கூட்டம் பல நேரம் வந்து குடியேறிடும்.