சாதி வசவு: சொல்லும் வாயும் சட்டத்தின் கணக்கும்

வன்கொடுமை வழக்கில் புகார்தாரர் இருமுறை அவமானப்பட நேர்கிறது. முதன்முறை தெருவில். இரண்டாம் முறை காவல் நிலையத்தில், ரைட்டரின் மேசைக்கு முன்னால். "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று புகாரில் எழுதினால் போதாது. என்ன சொல்லித் திட்டினார், எந்தச் சொல், அப்படியே சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், சொல் இல்லாத புகார் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பெண்கள் பலர் அந்த இடத்தில் வாய் திறக்க முடியாமல் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வழக்கு விசாரணைக்கு வரும்போது மூன்றாம் முறையும் ஒன்று உண்டு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்: "உங்கள் தெருவில் நீங்களே ஒருவரையொருவர் இப்படித்தானே கூப்பிட்டுக்கொள்கிறீர்கள்? உங்கள் ஆட்கள் சொன்னால் வராத கோபம் என் கட்சிக்காரர் சொன்னால் மட்டும் ஏன் வருகிறது?" கல்லூரி விடுதிகளிலும் இதே கேள்வி வேறு தொனியில் கேட்கப்படுகிறது. ஒரு சொல் தவறு என்றால் எல்லோருக்கும் தவறாக இருக்க வேண்டாமா என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போல இருக்கும் இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. வரலாறு வேறொரு விடை வைத்திருக்கிறது. நமக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டிய பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. அதுவே கடினமானது.

முதலில் சட்டம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் யார் சொன்னார் என்பதிலிருந்தே தொடங்குகிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் செய்தால் குற்றம் என்பதே பிரிவு 3இன் அடிப்படை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பது 3(1)(ஆர்) பிரிவிலும், சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவது 3(1)(எஸ்) பிரிவிலும் வருகின்றன. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்தாண்டு வரையிலான சிறை. ஆகவே "நீங்களே சொல்கிறீர்களே" என்ற குறுக்குக் கேள்விக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. நாடாளுமன்றம் அதை 1989லேயே தீர்த்துவிட்டது. ஆயினும் அந்தக் கேள்வி தொடர்ந்து கேட்கப்படுகிறது. சட்டத்துக்காக அன்று, சாட்சியைக் கூனிக் குறுக வைப்பதற்காகவே அது கேட்கப்படுகிறது.

உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு தீர்ப்புகளை வழங்கியுள்ளது. மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டியவை. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில், ஒரு வீட்டு வாசலில் வைத்துச் 'சமார்' என்று இழிவாக அழைத்தது குற்றம் என நீதிமன்றம் கூறியது. அச்சொல் ஒரு சாதியின் பெயர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. சொல்லின் வேர்ப்பொருளைத் தேடாதீர்கள், இன்று அது என்ன பொருளில் வீசப்படுகிறது என்று பாருங்கள் என்றது நீதிமன்றம். 2011இல் ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. கோயில் திருவிழாவில் மூண்ட தகராறில் வீசப்பட்ட சொல் பற்றியது அது. 'பள்ளன்' என்பது சாதிப் பெயர்தான். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களை 'நீக்ரோ' என்று அழைப்பது ஒருகாலத்தில் ஏற்கப்பட்டிருந்தாலும் இன்று ஏற்கப்படுவதில்லை என்ற ஒப்பீட்டையும் நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. இரட்டைக் குவளை முறையைக் கண்டித்ததும் இதே தீர்ப்புதான்.

ஆனால் சட்டம் சொல்லும் 'யார்' என்பதும் சமூகம் அறிந்த 'யார்' என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்துவாகவும் தம்பி கிறித்தவராகவும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேநீர்க் கடையில் இருவரையும் சேர்த்தே ஒரே சொல்லால் ஒருவன் திட்டுகிறான். அண்ணன் இச்சட்டத்தின்படி புகார் தரலாம், தம்பிக்கு அந்தப் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. திட்டியவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. அண்ணனும் தம்பியும் தமக்குள் சண்டையிட்டுத் தம்பி அதே சொல்லை வீசினால், ஏட்டின்படி அவர் 'பட்டியல் சாதியைச் சேராதவர்'! இந்த அபத்தத்தைச் சரிசெய்யாமல் 'யார்' என்ற கேள்விக்குச் சட்டம் முழு விடை தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இனி வரலாறு. நம்மீது எறியப்பட்ட பெயரை நாமே எடுத்துச் சூடிக்கொள்ளலாமா என்ற விவாதம் அமெரிக்க ராப் பாடல்களிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. சொந்தப் பெயரைச் சொல்லக் கூசி மறைந்து வாழ்பவர்கள் உரிமை கேட்க முடியாது, அப்பெயரோடேயே முன்னே வந்து நிற்க வேண்டும் என்பது அவர் நிலை. அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் நேர்எதிரான முடிவுக்கு வந்திருந்தார். அது நம் பெயரே அன்று, பூர்வ பௌத்தர்களான நம்மை வீழ்த்தியவர்கள் சூட்டிய இழிபெயர், அதை ஏற்பது தோல்வியை ஏற்பது என்றார். 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு அவர் வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பின்னர் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் முன்னெடுத்த முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு பழைய பெயர்களைக் கைவிட்டு 'ஆதி திராவிடர்' என்று எழுத ஒப்புக்கொண்டது.

இந்த மூவரில் யார் சரி என்று தீர்ப்பளிக்க நாங்கள் விரும்பவில்லை. மூவரும் ஒத்துப்போகும் புள்ளியே இங்கு முக்கியம். பெயரை வைத்துக்கொள்வதா, எறிவதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கும் உரிமை அப்பெயரால் அடிபட்டவர்களுக்கே உண்டு. சீனிவாசன் தம் இதழுக்கு அப்பெயரை வைத்ததைக் காட்டி ஒரு நிலவுடைமையாளர் தம் பண்ணையாளை அப்படி அழைக்க உரிமை கோரியிருந்தால் சீனிவாசனே முதல் ஆளாக எதிர்த்திருப்பார்.

மதுரை இந்த மரபின் நடுவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தலித் சிறுத்தைகள் இயக்கம் 1982இல் மலைச்சாமி தலைமையில் இங்குதான் கால்கொண்டது. 'நசுக்கப்பட்டவர்' என்ற பொருளுடைய 'தலித்' என்னும் மராத்தியச் சொல்லை எழுந்து நிற்பவரின் பெயராக மதுரைத் தெருச்சுவர்கள் எழுதிக்காட்டின. பாமாவின் 'கருக்கு' 1992இல் முதலில் வெளிவந்ததும் மதுரையிலிருந்துதான். தெருவில் புழங்கும் சொற்களை மழுப்பாமல் அந்நூல் அச்சேற்றியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்நூலில் அச்சொற்கள் யாரையும் குனிய வைக்கவில்லை. குனிய வைத்தவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. இன்னொரு பக்கம், ஏழு பெயர்களை ஒன்றாக்கித் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று அழைக்க வேண்டும் என்ற நெடுங்காலக் கோரிக்கை 2021இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அச்சமூகத்தில் பலர் 'தலித்' என்ற சொல்லையும் தமக்கு வேண்டாம் என்கிறார்கள். நமக்கு உவப்பில்லாவிட்டாலும் அவர்களை அவர்கள் விரும்பாத பெயரால் அழைக்க நமக்கு உரிமை இல்லை.

அமெரிக்காவிலும் ஒருமித்த முடிவு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கறுப்பின இளைஞர்கள் பாடல்களில் தம்மிடையே புழங்கும் அந்த இழிசொல்லுக்கு, 2007 ஜூலையில் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சவப்பெட்டி வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியது. சொந்த மக்கள் சொன்னாலும் வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. சொல் அதற்குப் பின்னும் சாகவில்லை. வெள்ளையர் சொல்லலாமா என்பதில் மட்டும் அங்கே இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இப்போது மிச்சப் பகுதிக்கு வருவோம். "நாம்" என்று இதுவரை எழுதினோமே, அந்த நாம் யார்?

மதுரை நகரத்தின் குப்பையை அள்ளுபவர்களிலும் சாக்கடையைத் தூர்வாருபவர்களிலும் பெரும்பாலோர் அருந்ததியர். அவர்களைக் குறிக்கும் சாதிப் பெயர் இவ்வூரில் ஆதிக்கச் சாதியினரின் வசவாக மட்டும் இருக்கவில்லை. பள்ளர் தெருவிலும் பறையர் தெருவிலும் அழுக்காக வந்த பிள்ளையை அதட்டவும், சண்டையில் எதிராளியைத் தாழ்த்தவும் அச்சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. இயக்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் நம் தோழர்கள் வாயிலிருந்தே அதைக் கேட்டிருக்கிறோம். சுட்டிக்காட்டினால் வரும் பதில்: "நாமும் எஸ்.சி.தானே தோழர், நமக்குள்ள என்ன?"

இந்தப் பதில் நாம் மேலே நிறுவிய எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. அடிபட்டவருக்கே உரிமை என்றால், பறையர் மீது எறியப்பட்ட சொல்லைப் பறையர் எடுத்தாளலாம். அருந்ததியர் மீது எறியப்பட்ட சொல் பறையருக்கு எப்படிச் சொந்தமாகும்? சாதிச் சான்றிதழில் 'பட்டியல்' என்று அச்சாகியிருப்பதால் ஒருவரின் காயம் இன்னொருவரின் உடைமையாகிவிடாது. பட்டியல் சாதிகள் எல்லாம் ஒரே தன்மையுடைய ஒற்றைத் தொகுப்பு அல்ல என்பதை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு வழக்கில் கூறிவிட்டது. 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கித் தமிழ்நாடு அதை முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஒதுக்கீட்டில் படிநிலை உண்டு என்று ஏற்பவர்கள் வசவில் மட்டும் படிநிலை இல்லை என்பது பொருந்தாது.

இங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைவிரிக்கிறது. சொன்னவரும் பட்டியல் சாதி என்பதால் பிரிவு 3 பொருந்தாது. அருந்ததியர் ஒருவர் இப்படிப்பட்ட புகாரோடு வந்தால் "சட்டத்தில் வழியில்லை" என்று திருப்பி அனுப்பும் வழக்கறிஞர்களைப் பார்த்திருக்கிறோம். தொழிலின் தொடக்கத்தில் நாங்களும் ஒருவரை அப்படி அனுப்பினோம். அது தவறு. நாம் பழையது என்று ஒதுக்கிவிட்ட 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தீண்டாமையின் அடிப்படையில் பட்டியல் சாதியினர் ஒருவரை அவமதிப்பது அல்லது அவமதிக்க முயல்வது அதன் பிரிவு 7(1)(டி)யின்படி குற்றம். செய்பவர் எவராயினும் என்றே அப்பிரிவு பேசுகிறது. பட்டியல் சாதியைச் சேராதவர் என்ற நிபந்தனை அதில் கிடையாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. இல்லை என்று காட்டும் சுமை எதிரியுடையது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. சிறியதுதான். ஆனால் வழி இல்லை என்பது பொய். இதனுடன் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 351, 352 பிரிவுகளையும் சூழலுக்கேற்பச் சேர்க்கலாம்.

ஒவ்வொரு தெருச் சண்டையையும் இச்சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வாதமன்று. நமக்குள் மூளும் வழக்கை ஆதிக்கச் சாதியினர் கைதட்டி வேடிக்கை பார்ப்பார்கள் என்ற அச்சமும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்தின் விலையை அருந்ததியர் மட்டுமே ஏன் கொடுக்க வேண்டும்?

நண்பர் என்ற உரிமையில் சொல்வதைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். விடுதி அறையில் தலித் அல்லாத நண்பன் சாதிப் பெயரைச் சொல்லி, "மச்சான், சும்மாடா" என்று சிரிக்கிறான். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் சொன்னால் இப்பிரிவுகள் பொருந்தாது என்பது 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வேடிக்கையை அவன் பலர் பார்க்கும் காணொளியாகப் பதிவேற்றினால் கதை வேறு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவன் உங்கள் சாதியைச் சொல்லிச் சிரிக்கலாம், நீங்கள் அவன் சாதியைச் சொல்லிச் சிரித்தால் அவன் ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய சொற்களைத் தடுத்தால் புதியவை பிறக்கின்றன. குடியிருப்பு என்ற பொருள்கொண்ட 'காலனி' தமிழ்நாட்டில் வசவாகிவிட்டதால்தான் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'சேரி மொழி' என்று 2023 இறுதியில் சமூக ஊடகத்தில் எழுதியவர், பிரெஞ்சு மொழியில் அதற்கு அன்பு என்று பொருள் உண்டு என விளக்கம் தந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேடைப் பேச்சில் கொடியவன் என்ற பொருளில் வந்துவிழும் 'சண்டாளன்' தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் இன்றும் உள்ள ஒரு சமூகத்தின் பெயர்.

புகார் எழுதுவது பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. சொல்லை வாயால் சொல்ல முடியாதவர்கள் எழுதித் தரலாம். நிலையத்துக்குப் போகும் முன்பே, வீட்டிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ அமர்ந்து, சொல்லப்பட்ட சொற்கள், நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். உறவினர் அல்லாத சாட்சி ஒருவராவது இருப்பது நல்லது. திட்டியவர் உங்களையோ உங்கள் குடும்பத்தையோ முன்பே அறிந்தவர் என்றால் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவருக்கு உங்கள் சாதி தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கப் பிரிவு 8(சி) இடம் தருகிறது. அண்மையில் எங்களிடம் வந்த பெண் ஒருவர் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் இடம் விட்டிருந்தார். கடைசியில் தம் மகளை வெளியே அனுப்பிவிட்டு அதையும் எழுதி முடித்தார்.