பெற்றோர் கேட்ட கேள்வி

நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவப்பணி தொடங்கிற்று. ஆயினும் மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைக்கு மருந்து மட்டும் போதாது. பயிற்சியும் பள்ளியும் வேண்டும். மகள் மாலினியின் பொருட்டு மிது ஆலூர் 1972-இல் பம்பாயில் அத்தகைய பள்ளி கண்டார். சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் என்னும் மற்றொரு தாய் தொடங்கியதே இன்றைய வித்யாசாகர்.

“எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?” என்னும் பெற்றோரின் கேள்வியோ எஞ்சி நின்றது. பெற்ற தாய்க்குச் சட்டம் எதற்கு என்றே நானும் ஒருகால் எண்ணியிருந்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், அவன் சார்பில் கையொப்பமிடும் உரிமை தாய்க்கும் இல்லாது போகிறது! பெற்றோர் சங்கங்கள் விடாது வற்புறுத்தியபின், 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்படி, நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட குழுவிடம், தம் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்குமாறு குமரி மாவட்டப் பெற்றோர் இன்று விண்ணப்பிக்கலாம். அக்குழுவில் ஊனமுற்றோர் ஒருவரும் அமர்கிறார்.