காதில்லாத சுவர்க்கோழி

போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி. மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் பேரன்.

"தாத்தா, சுவர்க்கோழி என்னமா கத்துது!" என்றான்.

"ஆமாமா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கத்துதா தாத்தா?" என்று கேட்டான்.

"விடாம கத்துதே."

"அது அப்பவே நின்னுருச்சு தாத்தா."

மாட்டிக்கொண்டேன். என் காதுக்குள் சொந்தமாக ஒரு சுவர்க்கோழி இருக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் கத்தும். அதை வைத்துக்கொண்டு வெளியே கத்துவதையும் கேட்பதாகச் சில வருஷங்களாக ஒப்பேற்றி வந்தேன். ஒன்பது வயதுப் பையன் கண்டுபிடித்துவிட்டான்.

விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 28 வருஷம் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்தேன். சாம்பிள் வெடியைப் போட்டுப் பார்ப்பதும் என் வேலைதான். காதில் பஞ்சு வைத்தால் கேலி செய்வார்கள். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடி கூடாது என்று விதி வந்ததே 1999இல்தான். அதற்குள் நான் போட்டுப் பார்த்த வெடிகளுக்குக் கணக்கில்லை. வெடிச் சத்தம் காதில் முதலில் தின்பது, வினாடிக்கு 3,000 முதல் 6,000 அதிர்வு வரை உள்ள மெல்லிய கீச்சொலிகளை. நம் ஊர்ச் சுவர்க்கோழி கத்துவது ஏறக்குறைய 5,000இல். அதாவது எனக்குச் சரியாக அந்த இடத்தில்தான் ஓட்டை.

அன்று முதல் இந்தப் பூச்சியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் மனதில் நின்றதை எழுதுகிறேன்.

சுவர்க்கோழி நாம் நினைப்பதுபோல் வாயால் கத்துவதில்லை. ஆணின் வலது இறக்கைக்கு அடியில் அரம் மாதிரி ஒரு வரிசைப் பற்கள் இருக்கின்றன. இடது இறக்கையின் விளிம்பு அதில் உரசும்போது வருவதுதான் அந்தச் சத்தம். பெண் கத்தாது. அதற்கு வாலில் ஊசி மாதிரி ஒரு குழாய் உண்டு, மண்ணில் முட்டை வைக்க. காது எங்கே இருக்கிறது தெரியுமா? தலையில் இல்லை. முன்னங்காலில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மெல்லிய சவ்வு. நம் வயல்களில் மண்ணைக் குடையும் பிள்ளைப்பூச்சி இதற்குப் பங்காளி முறை. அதற்கும் முன்னங்காலில்தான் காது. அதே காலைத்தான் மண்வெட்டியாகவும் வைத்திருக்கிறது!

பெண் உண்மையிலேயே சத்தத்தைக் கேட்டுத்தான் ஆணிடம் போகிறதா, வாசனை பிடித்துப் போகிறதா என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்த இவான் ரெகன் 1913இல் அதைத் தீர்த்துவைத்தார். ஆணை ஓர் இடத்தில் டெலிபோன் முன்னால் கத்தவிட்டு, பெண்ணை வேறு இடத்தில் ரிசீவருக்குப் பக்கத்தில் விட்டார். பெண் நேராக ரிசீவரைத் தேடிப் போனது. அங்கே ஆணும் இல்லை, வாசனையும் இல்லை. இருந்தது குரல் மட்டும்.

அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், சுவிட்சர்லாந்துக்காரர் ஹென்றி டி சொசூர் சின்னஞ்சிறு சுவர்க்கோழி வகை ஒன்றை விவரித்து எழுதியிருந்தார். பார்க்கச் சிலந்தி மாதிரி இருந்ததால் அரக்னோமைமஸ், அதாவது சிலந்திபோல் வேஷம் போடுவது, என்று பெயர் வைத்தார். இவருடைய மகன் பெர்டினாண்ட் டி சொசூர்தான் நவீன மொழியியலுக்கு வழிகாட்டி என்று சொல்லப்படுபவர். அப்பா பூச்சிகளை ஆராய்ந்தார், மகன் மனிதர் பேச்சை ஆராய்ந்தார். இந்தியச் சுவர்க்கோழிகளைத் தொகுத்துப் பிரெஞ்சு அறிஞர் லூசியன் ஷோப்பார் எழுதிய பெரிய புத்தகம் 1969இல் வந்தது.

அதோடு எல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்று நினைத்தால், 2021இல் இன்னொன்று வந்தது. சத்தீஸ்கரில் குர்ரா குகைகளில் கிடைத்த சின்னப் பூச்சி. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த ரஞ்சனா ஜெய்ஸ்வராவும் அவருடன் சேர்ந்து வேலை செய்தவர்களும் அது சொசூரின் அதே சிலந்தி வேஷக்காரக் குடும்பம் என்று கண்டார்கள். ஆனால் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு வேறாக இருந்தது. பூச்சிகளில் இனம் பிரிப்பதற்கு அதுதான் பெரிய அடையாளம், பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. அதை வைத்து இண்டிமைமஸ் என்று தனிப் பிரிவே ஏற்படுத்தி, குகை ஆராய்ச்சியாளர் ஜெயந்த் பிஸ்வாஸைக் கௌரவித்து 'ஜெயந்தி' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு புதுப் பூச்சியை விவரிக்கும்போது, இருப்பதை எழுதினால் மட்டும் போதாது. இல்லாததையும் எழுத வேண்டும். இந்தப் பூச்சியில் ஆணால் சத்தம் எழுப்ப முடியாது. பெண்ணுக்குக் காதே இல்லை. கத்துவதற்கென்றே பேர்போன குலத்தில் ஊமையாக ஒரு புருஷன், செவிடாக ஒரு பெண்டாட்டி! அப்புறம் எப்படி ஒன்றை ஒன்று கண்டுகொள்கின்றன? வயிற்றையோ உடம்பின் வேறு பாகத்தையோ தரையில் தட்டி, அந்த அதிர்வால் பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

இதைப் படித்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ரெண்டு வருஷமாக என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பக்கத்தில் வந்து, நான் கை வைத்திருக்கும் மேஜையில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டுவாள். காபி என்றால் ரெண்டு, போன் என்றால் விடாமல். 'மனுஷனைக் கூப்பிடுகிற மாதிரியா இது' என்று நான் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் ராத்திரி பேரனிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குக் கேக்கலடா." அவன் ஒன்றும் சொல்லாமல் என் புறங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூணு. சுவர்க்கோழி வெளியே கத்துகிற கணக்கு அது. அடுப்படி வாசலில் நின்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகிறேன். என்னோடு வேலை பார்த்த கூட்டாளிகளும் இதைப் படிப்பீர்கள். கேட்பதாகத் தலையாட்டியது போதும், நீங்களும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.