துடுப்பு: மீனிலும் பொறியிலும்

துடுப்பு என்பது உடலிலிருந்தோ கருவியிலிருந்தோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான உறுப்பு. நீரோ காற்றோ அதன்மேல் மோதும்போது எழும் விசை உடலை நேராக நிறுத்தவும் திருப்பவும் வேகம் தணிக்கவும் பயன்படுகிறது. மீன் துடுப்பை அடித்தே நீந்துகிறது என்பது பரவலான எண்ணம். ஆனால் பெரும்பாலான மீன்களை முன்னே தள்ளுவது உடலின் பக்கத் தசைகளும் வாலும்தான். வால் துடுப்பு நீங்கலாக மற்றவற்றுக்கு நிலைப்படுத்துவதே முதல் வேலை. அம்பிலும் ராக்கெட்டிலும் மனிதன் பொருத்திய துடுப்புகளுக்கும் அதே வேலைதான்.

மீன் துடுப்பின் இந்த வேலையைக் கண்ணால் காண ஏற்ற இடங்களில் ஒன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்கே அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு, சற்றுத் தொலைவில் ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. அறுத்துச் சமைத்த மீன் மீண்டும் உடல் பொருந்தி ஓடையில் துள்ளிக் குதித்தது என்பது தலத்தின் ஐதிகம். அதனால் கோயில் பக்கத்து மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டு வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாத மீனைப் போல ஆராய்ச்சிக்கு உகந்தது வேறில்லை. ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் மீனின் மார்புத் துடுப்புகள் இரண்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். அமைதியான நீரிலும் இந்த அசைவு நிற்பதில்லை. செவுள் வழியே பின்னோக்கிப் பீறிடும் நீர் மீனை முன்னே தள்ளுகிறது. அதை ஈடுகட்ட மார்புத் துடுப்பு எதிர்ப்புறம் துழாவ வேண்டியிருக்கிறது. பொரி விழுந்ததும் பாய்ந்து வரும் மீன் அந்த இரண்டையும் அகல விரித்தால் சட்டென்று நிற்கும். முதுகிலும் குதத்தருகிலும் உள்ள ஒற்றைத் துடுப்புகள் உடல் பக்கவாட்டில் உருளாமல் காக்கின்றன. வயிற்றுப்புறத்து இணைத் துடுப்புகள் ஏறி இறங்கும் சாய்வைச் சரிசெய்கின்றன.

மலை ஓடையின் வேகம் துடுப்பின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. தென்னிந்திய ஓடைகளில் பரவலாகக் காணப்படும் கர்ரா இன மீன்களுக்கு மார்புத் துடுப்புகள் செங்குத்தாக இல்லாமல் கிடைமட்டமாக, பாறையில் படியும்படி விரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பவானியா மீனில் மார்பு, வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று, உடலே ஒரு தட்டுப்போலப் பாறையோடு ஒட்டிக்கொள்கிறது. நீந்தும் உறுப்பு இங்கே பற்றும் உறுப்பாகிவிட்டது. இத்தகைய தகவமைப்புகளை ஆராய்ந்தவர்களில் தலையாயவர் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோரா. வேக நீரோடை உயிர்களைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1930இல் வெளியிட்டது.

துடுப்பின் தொல்வரலாறு சீனாவின் செங்ஜியாங் பாறைகளில் தொடங்குகிறது. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, விரல் நீளம்கூட இல்லாத தாடையற்ற மீன்களில் முதுகோரமாக ஒரு மடிப்பு தெரிகிறது. இணைத் துடுப்புகள் தோன்ற இன்னும் பல கோடி ஆண்டுகள் ஆயின. அவை எங்கிருந்து வந்தன என்பதில் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கு மூண்டது. செவுள் வளைவுகளே துடுப்பாக மாறின என்றார் கார்ல் கெகன்பவுர். உடலின் இருபுறமும் நீளமாக ஓடிய தோல் மடிப்பு துண்டுபட்டே துடுப்பானது என்றனர் தாச்சர், மைவர்ட், பால்ஃபர் முதலியோர். வழக்கு இன்னும் முற்றாக முடியவில்லை. இப்போது மரபணுவியலாரும் வாதிடுகிறார்கள். துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு எலும்புகளின் சாயல் கொண்ட டிக்டாலிக் என்ற 37.5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத்தைப் பற்றி 2006இல் அறிவிப்பு வந்தது. நம் கையும் காலும் மீன் துடுப்பின் வழித்தோன்றல்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி அரிது.

சுறாவின் துடுப்பு வேறு வகை. எலும்பு மீனில் ஒவ்வொரு துடுப்புக் கதிரும் ஒட்டிவைத்த இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதியைத் தசை இழுத்தால் கதிர் வளையும். ஆகவே எலும்பு மீன் துடுப்பை விரிக்கும், மடக்கும், சுருட்டும். சுறாவுக்கோ குருத்தெலும்பு அடித்தளத்தின்மேல் அடுக்கிய புரத இழைகள், விறைப்பான துடுப்பு. காற்றுப்பையும் இல்லை, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் ஓரளவு மிதப்பைத் தருகிறது. விமானச் சிறகைப்போல மார்புத் துடுப்பு சுறாவைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. 1936இல் ஜே. இ. ஹாரிஸ் சிறு சுறா ஒன்றின் மாதிரியுருவைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, துடுப்புகள் சமநிலைக்கு எப்படி உதவுகின்றன என்று விசைகளை அளந்தார். உயிருள்ள சிறுத்தைச் சுறாக்களை நீந்தவிட்டு செரில் வில்காவும் ஜார்ஜ் லாடரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: நேர்கோட்டில் சீராக நீந்தும்போது மார்புத் துடுப்பு தரும் தூக்குவிசை மிகச் சொற்பம், மேலே ஏறவும் கீழே இறங்கவும் முயலும்போதே அது வேலை செய்கிறது.

அந்தப் புரத இழைகளுக்காகவே சுறாத் துடுப்புக்குச் சீனச் சந்தையில் பொன் விலை. இழையில் சுவை எதுவும் இல்லை; சூப்பின் ருசி அதில் சேரும் கோழிச் சாற்றினுடையது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக் கடலின் ஆழம்வரை போய்ச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்கள் சுறாவை முழுதாகவே கரை சேர்த்தார்கள். கறிக்கும் கருவாட்டுக்கும் புட்டுக்கும் உள்ளூரில் ஆள் இருந்தபோது துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிய அவசியம் என்ன? 2001இல் சில சுறா இனங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. துடுப்பு உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வரவேண்டும் என்று 2013 ஆகஸ்டில் விதி வந்தது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லாத இனங்களைப் பிடிப்பதற்குத் தடை இல்லை. துடுப்புக்குக் கிடைத்த விலை மட்டும் போயிற்று. தடை சுறாவைக் காத்ததைவிட மீனவர் வருமானத்தைக் குறைத்ததே மிகுதி என்ற குறையில் நியாயம் இருக்கிறது.

மனிதன் செய்த துடுப்புகளில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று அம்பின் இறகு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்கிறது. புலவரின் மிகையை ஒதுக்கிவிட்டாலும், எந்த அம்பும் குறியில் தைக்க வால் பக்கம் முனைப் பக்கத்தைப் பின்தொடர்ந்தாக வேண்டும். எடை முனையில் இருக்கிறது. காற்றைத் தாங்கும் பரப்பு வாலில். முனை சற்றே விலகினால் இறகின் பக்கவாட்டில் காற்று மோதி வாலைத் தள்ளும், முனை மறுபடி நேராகும்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்த போரில் பறந்த மைசூர் ராக்கெட்டுகளுக்குத் துடுப்பு கிடையாது; இரும்புக் குழாயோடு கட்டிய நீண்ட மூங்கில் கழிதான் வாலாக இருந்தது. அந்த ராக்கெட்டுகளின் ஓவியத்தை அப்துல் கலாம் 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் கண்டு வியந்தார். 1967 நவம்பர் 20இல் தும்பாவிலிருந்து கிளம்பிய ரோகிணி ஆர்எச்-75இல் கழியின் இடத்தில் வால்துடுப்புகள் இருந்தன. 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்எல்வி-3இல் துடுப்பு இன்னும் ஒரு படி ஏறியது: முதல் கட்டத்தின் துடுப்பு நுனிகளே திரும்பி ராக்கெட்டைச் செலுத்தின. கலாம்தான் அதன் திட்ட இயக்குநர். காற்று இல்லாத உயரத்தில் துடுப்பால் பயனில்லை என்பதால் பெரிய ராக்கெட்டுகள் வெளியேறும் வாயுவைத் திருப்பும் முறைக்குப் பெரும்பாலும் மாறிவிட்டன. சிறிய ஆய்வு ராக்கெட்டுகளை இன்றும் துடுப்பே நேராக்குகிறது. 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று பறந்த ஆர்எச்-200 அந்த வகையைச் சேர்ந்தது.

கடலலைப் பலகைக்குத் துடுப்பு வந்தது 1935இல். டாம் பிளேக் பழைய படகு ஒன்றின் அடிக்கட்டையைத் தன் பலகையில் பொருத்தினார். சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலையேறும் பலகைகளின் அடியிலும் இப்போது அதன் வாரிசுகள்தான்.

இன்ஜின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கிய உலோகத் தகடுகள் உருவத்தில் மட்டுமே துடுப்பு. அவை எதையும் நிலைப்படுத்துவதில்லை. காற்றோடு உரசும் பரப்பைப் பெருக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. தகட்டின் நுனி அடியைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே ஓர் அளவுக்கு மேல் நீட்டினால் எடை கூடுமே தவிரக் குளிர்ச்சி கூடாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் பைக்குகளுக்கு இதுவே சோதனை: முதல் கியரில் இன்ஜின் மிகச் சூடாகும், மெதுவான வேகத்தில் தகடுகளுக்கு இடையே காற்றும் குறைவு. 1950களில் சென்னைத் திருவொற்றியூரில் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2023இல் ஹிமாலயன் 450க்குத் திரவக் குளிர்ப்பு முறையைக் கொடுத்தது. அதன் 350 சிசி புல்லட்டில் தகடுகள் அப்படியே இருக்கின்றன.