அல்லைப்பிட்டி மணலுக்குக் கீழே: பொம்பேயி பார்த்தவர்கள் வேலணைத் தீவில் பார்க்க வேண்டியவை

கோடை விடுமுறையில் சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து இத்தாலிக்குச் சுற்றுலா போகும் எங்களவர்கள் பலரும் பொம்பேயியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நேப்பிள்ஸ் நகரிலிருந்து ரயிலில் போய் இறங்கினால் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய வீதியில் நடக்கலாம். வண்டிச் சில்லுகள் தேய்த்த தடம் கல்லில் அப்படியே இருக்கிறது. பேக்கரி அடுப்பு இருக்கிறது. சுவரில் எழுதிய தேர்தல் விளம்பரம் இருக்கிறது.

அதே குடும்பம் அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும். ஒருநாள் வான் பிடித்து, பண்ணைப் பாலம் தாண்டி, நயினாதீவு அம்மனிடம் போகும். போகிற வழியில் அல்லைப்பிட்டி சில நிமிடங்களில் கடந்துவிடும். பனையும் மணலும் கடலுமாகத் தெரியும் அந்த இடத்தில், சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கான்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தன என்பது வானில் இருப்பவர்களில் அநேகருக்குத் தெரியாது. சொல்வதற்கு அங்கே ஒரு பலகைகூட இல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

பொம்பேயி எப்படித் தப்பியது

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயி நான்கு முதல் ஆறு மீற்றர் நுரைக்கல்லுக்கும் சாம்பலுக்கும் கீழே போனது. பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தை மூடிய படிவு சில இடங்களில் இருபது மீற்றர் வரை ஆழமானது. வெடிப்பு நடந்தது ஓகஸ்ட் மாதத்தில் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரி எழுத்துக்குப் பிறகு, அது ஒக்டோபராக இருக்கலாம் என்ற கருத்து வலுத்திருக்கிறது.

அந்த வெடிப்பில் இறந்தவர்களில் மூத்த பிளினியும் ஒருவர். உரோமக் கடற்படைத் தளபதியான அவர், ஆட்களை மீட்கக் கப்பலில் போய்க் கரையில் உயிரிழந்தார். தமது 'இயற்கை வரலாறு' நூலில் இலங்கையைத் 'தப்ரபேன்' என்ற பெயரில் விரிவாக எழுதியவரும் அவர்தான். குளோடியஸ் பேரரசர் காலத்தில் இங்கிருந்து உரோமுக்குத் தூதர்கள் போனதையும் அதில் குறிப்பிடுகிறார். எங்கள் தீவைப் பற்றி எழுதியவரின் உயிரை எடுத்த எரிமலை அது. பொம்பேயி வீடொன்றில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கடலும் அந்தப் பக்கத்துக் கடலும் அந்தக் காலத்திலேயே பொருள் மாற்றிக்கொண்டிருந்தன.

பொம்பேயி நிலைத்ததற்குச் சாம்பல் மட்டும் காரணமல்ல. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பேயியிலும் தோண்டத் தொடங்கியவர்கள் புதையல் தேடியவர்கள் போலத்தான் நடந்துகொண்டார்கள். சிலைகளும், சுவரிலிருந்து வெட்டியெடுத்த ஓவியங்களும் அரச மாளிகைக்குப் போயின. ஒரு பொருள் எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை. 1860களில் பொறுப்பேற்ற ஜுசெப்பே பியோரெல்லிதான் மேலிருந்து படைபடையாக அகழ்ந்து, வீட்டுக்கு இலக்கமிட்டு, கிடைத்ததைக் கிடைத்த இடத்தோடு பதிய வைத்தார். சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போன வெற்றிடங்களில் பிளாஸ்டர் ஊற்றி மனித உருவங்களை எடுக்கும் முறையை 1863இல் கொண்டு வந்தவரும் அவரே. முந்திய கால அவசரத்தோடு தோண்டியிருந்தால் அந்த வெற்றிடம் வெறும் குழியாகவே உடைந்து போயிருக்கும்.

நகரத்தின் மொத்தப் பரப்பு சுமார் 66 ஹெக்டேயர். அதில் மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவில்லை. பின்னால் வருபவர்களுக்கென்று மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அல்லைப்பிட்டியில் கிடைத்தது

அல்லைப்பிட்டியை எந்த எரிமலையும் மூடவில்லை. காற்றும் கடலும் சேர்த்த மணல்தான் மூடியது. 1970களின் பிற்பகுதியில் பிரித்தானியத் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் இங்கு கிடைத்த சீன மட்பாண்டங்களை ஆராய்ந்து, அவை சொங் அரச வம்சக் காலத்தவை என்று வெளியுலகுக்குச் சொன்னார். தீவகம் உட்பட யாழ்ப்பாணத்தின் பழைய குடியிருப்புகளைக் கள ஆய்வு செய்த பொன்னம்பலம் இரகுபதியின் நூல் 1987இல் வெளிவந்தது. பிறகு போர். 1990களின் தொடக்கத்தில் தீவகமே ஆளில்லாமல் போனது. ஆய்வும் நின்றது.

2018இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து அல்லைப்பிட்டியில் மீண்டும் அகழ்ந்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் உரியவை. குவாங்டொங், பூஜியன் ஆகிய தென்சீன மாகாணங்களின் சூளைகளில் செய்யப்பட்டவை.

இந்தக் காலத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். சோழர் அனுப்பிய தூதுக்குழு ஒன்று சீன அரசவைக்குப் போனது 1077இல். இலங்கையில் சோழர் ஆட்சி முடிந்தது 1070இல். அந்தத் தலைமுறையில் தென்சீனத் துறைமுகத்தில் ஏற்றிய கிண்ணமும் தட்டும் வேலணைத் தீவின் கரையில் இறங்கியிருக்கின்றன. பாக்கு நீரிணைக் கடல் ஆழமற்றது. வேலணைத் தீவுக்கும் காரைதீவுக்கும் இடைப்பட்ட ஊர்காவற்றுறைக் கடல் கப்பலுக்குக் காற்றிலிருந்து ஒதுங்க இடம் கொடுத்தது.

கல்லில் எழுதிய துறைமுகச் சட்டம்

இந்தத் துறைமுகத்துக்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. அதைப் படித்து 1963இல் பதிப்பித்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. பிறநாட்டார் ஊராத்துறைக்கே வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. சிங்கள அரசன் ஒருவன் வெளிநாட்டு வணிகருக்காகத் தமிழில் வெட்டுவித்த சட்டம் இது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பராக்கிரமபாகு அங்கே கப்பல் கட்டியதைத் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டும் சொல்கிறது.

யானை வியாபாரம் அதன் பிறகும் நிற்கவில்லை. கய்ட்ஸ் என்ற பெயரே போர்த்துக்கேயரின் 'யானைத் துறை' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவுக்குத் தங்கள் ஊர்ப் பெயரான லைடன் என்பதை வைத்தார்கள்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால், மண்டைதீவுச் சந்திக்குப் பிறகு அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் வரும். தீவுக்குள் ஒரு வழி ஊர்காவற்றுறைக்கும் இன்னொன்று புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவானுக்கும் போகிறது. குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு. காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அல்லைப்பிட்டியில் நுழைவுச் சீட்டும் இல்லை, மதிலும் இல்லை. அகழ்ந்த குழிகளைத் திரும்ப மூடுவதுதான் தொல்லியல் வழக்கம். ஆகவே நீங்கள் பார்க்கப்போவது மணலையும் கரையையும்தான். கப்பல் ஏன் இங்கே வந்தது என்பதைக் கடலைப் பார்த்தபடி நின்று யோசிக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போனால் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர்கள் இருக்கின்றன. எதிரே நீருக்கு நடுவில் நிற்பது ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டை. நயினாதீவில் அம்மனைக் கும்பிட்ட பிறகு கல்வெட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் திரும்பியதும் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

ஒரு வேண்டுகோள். வழியில் கூரையில்லாத வீடுகள் பல தெரியும். அவற்றை இடிபாடு என்று நினைத்து உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள். அவற்றின் உறுதி ரொறன்ரோவிலோ பாரிஸிலோ யாரோ ஒருவரின் அலுமாரியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

மணல் போனால் என்ன போகும்

அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்து மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடுகள் பல ஆண்டுகளாகவே வந்துகொண்டிருக்கின்றன. ஊரவர் முதலில் சொல்வது தண்ணீரைப் பற்றி. அது நியாயமானது. மழைநீரைத் தாங்கி வைத்திருப்பது மணல்தான். சாட்டியின் நல்ல தண்ணீர் அந்த மணலின் கொடை. மணலை எடுத்தால் உப்புநீர் மேலேறும். ஆனால் அதே உழவு இயந்திரத்தில் இன்னொன்றும் ஏறிப் போகிறது. கிணற்றடியிலோ வீட்டு அத்திவாரத்திலோ கொட்டப்பட்ட மணலில் ஒரு பீங்கான் துண்டு கிடந்தால் அது வெறும் துண்டு. எந்தப் படையில் கிடந்தது, அருகில் அடுப்புச் சாம்பல் இருந்ததா, நாணயம் இருந்ததா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இந்தக் கரையில் இருந்தது வணிகரின் பண்டகசாலையா, குடியிருப்பா, உடைந்த கப்பலின் சரக்கா என்ற கேள்விக்கு விடை அந்தப் படைகளில்தான் இருக்கிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியாக இருந்தாலும் தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டக் கூடாது. நிலத்திலிருந்து வெளிவரும் தொல்பொருள் அரசுக்குரியது. மணல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழைய ஓடோ பீங்கானோ தெரிந்தால், எடுக்காமல், கிடந்த இடத்தோடு ஒரு படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ அறிவிப்பது எவராலும் செய்யக்கூடியது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுவோரும் கோயில் திருப்பணி செய்வோரும் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த மணல் எங்கிருந்து வருகிறது? பொம்பேயியில் ஒரு கல்லைத் தொட்டாலே காவலாளி சத்தம் போடுவார். அல்லைப்பிட்டியில் காவலாளி இல்லை. அந்த மணலின் பெறுமதி தெரிந்தவர்கள்தான் அதற்குக் காவல்.