காலடியில் ஒரு கவர்னர்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி வடக்கே போனால், நிலையங்களின் பெயர்களே ஒரு சின்ன அகராதி. ஒன்று வரி வாங்கிய இடம், ஒன்று தேர் நிற்கும் இடம், ஒன்று தீப்பெட்டிக் கம்பெனி. இவற்றின் நடுவே, 2021 பிப்ரவரியில் திறந்த ஒரு நிலையத்தின் பலகையில் 'காலடிப்பேட்டை' என்றிருக்கிறது. கால், அடி, பேட்டை. பள்ளிப்பிள்ளைகூடப் பிரித்துப் பொருள் சொல்லிவிடும். இப்படி நோகாமல் புரிகிற ஊர்ப்பெயர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பெயரில் காலும் இல்லை, அடியும் இல்லை. உள்ளே இருப்பவர் ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்களையும் 1708இல் நவாப் தாவூத்கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். இடையில் அவை கைநழுவின. டெல்லி பாதுஷா பரூக்சியரின் ஆணையான பர்மானைக் காட்டி 1717இல் அவற்றை மறுபடி பிடித்தது காலெட்டின் ஆட்சி. பிடித்த மண்ணில் ஆள் வேண்டுமே. கம்பெனியின் பிழைப்பே துணி. எனவே திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பு எழுந்தது. அதற்குக் கவர்னரின் பெயர். பின்னாளில், 1734இல், சிந்தாதிரிப்பேட்டையும் இதே கணக்கில் எழுந்ததுதான்.

காலெட் காலடியானது எப்படி? ஆங்கிலத்தின் குறுகிய ஒகரத்தைத் தமிழ்க் காது ஆகாரமாகக் கேட்கும். ஆபீஸ், காலேஜ், டாக்டர் எல்லாம் அப்படி வந்தவை. பெயரின் முதலெழுத்து 'கா' ஆனது இதனால்தான். தமிழ்ச் சொல் டகர மெய்யில் முடியாது என்பதால் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும்: காலட்டு. ஒலிவிதி நம்மைக் கொண்டுவந்து விடுவது இந்த இடம் வரைக்கும்தான். 'காலட்டு' காலடியானது ஒலியின் வேலையல்ல, அர்த்தத்தின் வேலை. பொருள் தெரியாத சத்தத்தை நாள்முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க எந்த ஊர் வாயும் சம்மதிக்காது. பக்கத்தில் கிடக்கிற ஒரு சொல்லை எடுத்து மாட்டிவிடும். ஹாமில்டன் பாலம் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதை வெள்ளைக்காரரே ஆங்கிலத்தில் பெயர்த்து நாவிதர் பாலமாக்கிய கதை சென்னையில் எல்லோரும் சொல்வது. அங்கே பெயர் போய்த் திரும்பி வந்தது. காலெட்டோ போனவர் போனவர்தான்.

இந்த மனிதருக்குத் தன் உருவத்தின் மேல் அக்கறை அதிகம். சென்னைக்கு வருமுன் சுமத்ராவின் பெங்கூலனில் அதிகாரியாக இருந்தபோது, 1716இல், அமாய் சின்குவா என்ற சீனக் கலைஞரைக் கொண்டு தன்னை அப்படியே ஒரு வண்ணப் பொம்மையாகச் செய்வித்துக்கொண்டார். அந்தப் பொம்மை இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் நிற்கிறது. அங்கியும் நிமிர்ந்த தோரணையும் அவர் விரும்பியபடியே இருக்கின்றன. ஒற்றியூரில் விட்டுப்போன பெயர் மட்டும் அவர் விரும்பியபடி நிற்கவில்லை.

அதற்குள் கோயில் ஒரு கதை சொல்லிவிட்டது. காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. கவர்னரிடம் வேலைபார்த்த வீரராகவன் என்ற துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், நாள்தோறும் காஞ்சி வரதரைச் சேவித்துவிட்டே வேலைக்கு வருவாராம். தாமதத்துக்குக் காரணம் கேட்ட துரை, அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்து மனம் இளகி, வரதரை இங்கேயே எழுந்தருளச் செய்தாராம். காஞ்சிபுரம் இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். குதிரையில்கூட அன்றாடம் போய்வர முடியாது. தலவரலாறு கிலோமீட்டர் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. கம்பெனியின் வியாபாரக் கணக்கில் பிறந்த ஒரு பேட்டை, தன் பிறப்பைப் பெருமாளின் கருணையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தக் கதையில் கவர்னர் பக்திக்குப் பணிந்த ஓர் ஆள், அவ்வளவுதான். இன்னும் நூறு வருஷம் விட்டால் ஆதிசங்கரரும் உள்ளே வந்துவிடலாம். திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மனின் உக்கிரத்தைத் தணித்தவர் அவர் என்பது தலவரலாறு. அவர் பிறந்ததோ கேரளத்துக் காலடியில். முடிச்சுப்போட ஓர் உற்சாகி போதும்.

இந்தக் கரையில் பெயர்கள் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. வந்த ஆளுக்கு ஊர்ப்பெயர், இருந்த ஊருக்கு ஆள்பெயர். திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வம், வீடு, உறவு எல்லாவற்றையும் உதறியவர். திருவெண்காடர் என்ற சொந்தப் பெயரும் உதிர்ந்தது. ஊர் மட்டும் பெயராய் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. முற்றும் துறந்தவராலேயே முகவரியைத் துறக்க முடியவில்லை என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

குணங்குடி மஸ்தான் சாகிபும் அப்படித்தான். 1792இல் தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சூஃபிக் கவிஞர். அவருடைய தர்கா இராயபுரத்தில் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்ததால் 'தொண்டியார்'. தொண்டியார் வாழ்ந்ததால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்று இப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அழகான விளக்கம், ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கம்பெனியின் கைக்கு வந்தது 1693இல். மஸ்தான் பிறப்பதற்கு 99 வருஷம் முன்பே பேட்டை பெயரோடு இருந்திருக்கிறது. இருந்தாலும் அந்த விளக்கத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. நவாபுகளும் கவர்னர்களும் கைமாற்றிக்கொண்ட ஒரு பேட்டை, தன் பெயருக்கு உரியவராக எந்த அதிகாரியையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு பக்கிரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பெயரின் வரலாறாக அது தவறு. அந்த ஜனங்களின் மனசுக்கு அதுவே சாட்சி.

இராயபுரத்துக்கு வருவோம். மீனவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் காவலரான புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். அவர் பெயரால் இராயபுரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். துறைமுகம் வருமுன், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலை கிழித்து மசூலாப் படகு ஓட்டிய சமூகத்தார், 1829இல் இங்கே இராயப்பர் கோயிலைக் கட்டினார்கள். பேதுரு எப்படி இராயப்பர் ஆனார்? பழைய பாதிரிமார் புனிதர்களின் பெயர்களைப் பொருள் பார்த்துத் தமிழாக்கினார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பர். ஸ்தேவானின் கிரேக்கப் பெயருக்குக் கிரீடம் என்று பொருள், அவர் முடியப்பர். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் கல்லை 'ராயி' என்பார்கள். வடசென்னையில் தெலுங்கு அந்நியமில்லை. கிரேக்கப் பாறை தெலுங்குக் கல்லாகித் தமிழ் அப்பனோடு சேர்ந்தது என்கிற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆங்கிலேயரோ 'ராய'வை அப்படியே விடாமல் 'ரோயபுரம்' என்று எழுதிவைத்தார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய நிலையத்தில் அந்த எழுத்துதான் இன்றும்.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் வைக்கும் வேலை கவர்னர்களிடமிருந்து கம்பெனிகளுக்குப் போனது. சுவீடன் முதலீட்டில் 1923இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகள் சேர்ந்து விம்கோ. அதனால் விம்கோ நகர். 1955இல் திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்டு, லண்டன் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். எண்ணூர் லேலண்டின் பாதிப் பெயர் லங்காஷயர் ஊர் ஒன்றுடையது. மீதிப் பாதியான அசோக், நிறுவனர் ரகுநந்தன் சரணின் மகன். இந்த ஊர்களையோ ஆட்களையோ நம்மவர் கண்டதில்லை. ஆனாலும் "மாப்பிள்ளை லேலண்டுல இருக்காரு" என்றால் போதும், பெண்வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். சம்பளத்தைச் சொல்வதற்கு முன்பே பெயர் சொல்லிவிடும். பிறர் நம்மை எப்படி மதிப்பார்கள் என்று நாம் கற்பனை செய்கிறோமே, அந்தக் கற்பனையில் எழும் பெருமையும் வெட்கமுமே 'நான்' என்பதன் பெரும்பகுதி என்றார் அமெரிக்கச் சமூகவியலர் சார்லஸ் கூலி, 1902இல். அவர் திருவொற்றியூர் ஹைரோட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தை, சட்டைப்பையில் கம்பெனிப் பெயர் தைத்த அந்தச் சீருடைகளைப் பார்த்திருந்தால் உதாரணத்துக்கு அலைந்திருக்க மாட்டார்.

பெயர் நிமிர்த்தும் என்றால் குனியவைக்கவும் செய்யும். கோட்டைக்கு வெளியே இருந்த ஊரைக் கருப்பர் பட்டணம் என்றார்கள் வெள்ளையர்கள். 1911இல் அது மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது. தோலின் பெயர் போய் ராஜாவின் பெயர் வந்தது. இரண்டையும் அங்கே குடியிருந்தவர்கள் கேட்கவில்லை.

நம் காலத்துப் பெயர் 'வடசென்னை'. திசையைக் குறிக்கும் சொல், அதில் குற்றமில்லை. ஆனால் கோட்டையும் துறைமுகமும் முதல் ரயிலும் தோன்றிய பகுதிதான் சென்னையின் தொடக்கம். அதைப் போய் ஏதோ ஓரத்து ஒட்டுப்போல வடக்கு என்கிறோம். "எந்த ஏரியா?" என்ற கேள்விக்கு வேலை நேர்காணலில் 'சென்னை' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பையன்களும் பெண்களும் இங்கே உண்டு. திரைப்படங்கள் ரத்தத்தையும் கத்தியையும் அந்தச் சொல்லோடு சேர்த்துத் தைத்தன. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் இங்கிருந்து போன காசிமா மூன்று தங்கம் வென்றபோதும், செய்திகள் 'வடசென்னைப் பெண்' என்றே எழுதின. பெருமையாகத்தான். அதற்குள் ஒளிந்திருந்த வியப்புதான் எனக்கு உறுத்தியது. 'புள்ளிங்கோ' கதையும் இதுவே. பிள்ளைகள், புள்ளைங்க, புள்ளிங்கோ. கூட்டாளிகளைப் பாசத்தோடு சொன்ன சொல். கானாப் பாட்டில் ஏறி ஊர் முழுக்கப் பரவியதும், தலைமுடிக்கு வண்ணம் பூசிய ஏழைப் பையன்களை ஏளனம் செய்யும் சொல்லாக மற்றவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எண்ணூரையும் பாருங்கள். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் ஓய்வெடுக்கத் தேடி வந்த கழிமுகம். அவர்கள் வாயில் எண்ணூர் என்றால் காற்று, படகு, விருந்து. 2023 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. செய்தித்தாளில் அதைப் பார்த்ததும் மனசில் எழுவது மட்டும் மாறிவிட்டது.

காலெட்டை வென்ற வாய் 'வடசென்னை'யிடம் ஏன் தோற்கிறது என்று யோசித்திருக்கிறேன். அந்நியச் சத்தத்தை மென்று உருமாற்றலாம். 'வடசென்னை' சுத்தமான தமிழ். மெல்ல இடமே இல்லை. அதன் பொருள் சொல்லில் இல்லை, சொல்பவரின் குரலில் இருக்கிறது. குரலைத் திரிக்க எந்த ஒலிவிதியும் கிடையாது. அதைச் சொல்பவர்கள்தான் மாற்ற வேண்டும்.

2020இல் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. எழுத்தைத் திருத்துவது நல்லதே. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாணை தேவையில்லை. உங்கள் தெருவை, குப்பத்தை, பஸ் ஸ்டாப்பை வீட்டுப் பெரியவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள், அதற்கு என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே, திருத்தாமல் எழுதிவையுங்கள். கதை தப்பாக இருந்தாலும் எழுதுங்கள்; பக்கத்தில் ஆண்டைப் போட்டுக்கொண்டால் போதும்.